வால்வு ரேடியோவின் சர்க்யூட் படம்

நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகள் சிலவற்றில் பரண்மேல் இன்னமும் ஒரு வால்வு ரேடியோ கிடக்கும். இலங்கை வானொலியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த பெட்டி அது! பழுது பார்க்கப் புகுந்தால் முதலில் தேவைப்படுவது சர்க்யூட் படம். எங்கள் பூதப்பாண்டி வீட்டுப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைக் கரையான் தின்றுவிட்டது.

ஆயினும் வால்வின் பெயரே பாதிப் படம் என்பேன். ஐரோப்பிய முறையில் முதலெழுத்து சூடேற்றும் இழையைக் குறிக்கும். 'டி' என்றால் 1.4 வோல்ட், பாட்டரி ரேடியோ, 'இ' 6.3 வோல்ட், 'யு' 100 மில்லி ஆம்பியர், இழைகள் தொடராக இணைந்தவை.

எங்கள் பெட்டியில் யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85 ஆகிய நான்கு. இழைகளுக்கு முறையே 19, 19, 50, 38, ஆக 126 வோல்ட். வீட்டு மின்சாரம் 230. மீதி 104 வோல்ட்டைத் தாங்கும் மின்தடை கருகி, எழுத்து அழிந்திருந்தது. 104-ஐ 0.1 ஆம்பியரால் வகுத்தால் 1040 ஓம். படமின்றியே விடை கிடைத்தது.

நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவ்வகையில் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் இராது; சேஸிஸ் நேரே மின்கம்பியோடு சேர்ந்திருக்கும். பிளக்கை மாற்றிச் செருகினால் தகட்டிலேயே 230 வோல்ட்! பிளக்கைக் கழற்றி, மின்தேக்கிகளை வடித்த பிறகே கை வைக்க வேண்டும்.

எஞ்சிய பகுதிக்கு இதே வால்வு வரிசை கொண்ட வேறு கம்பெனிப் படமும் பெரும்பாலும் பொருந்தும். பின் எண்களுக்கு மல்லார்டு வால்வுக் கையேடு போதும்.