மரப்பாச்சியும் சீமைப் பொம்மையும்

காரைக்குடிக்கு அருகிலுள்ள அமராவதிபுதூரில், கோடை விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல். பெரிய வீடொன்றின் வளவில் வெயில் தூணடி வரை வந்து நின்றது. ஆயா அமர்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த ஆறு வயதுப் பேத்தி, பிறந்த நாளுக்குக் கிடைத்த பொம்மையை அவரிடம் நீட்டினாள். உயரம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், பொன்னிறக் கூந்தல், வெள்ளை வெளேரென்ற மேனி, இரு விரலுக்குள் அடங்கும் இடை, குதிகால் தரையில் படாமல் நுனியிலேயே நிற்கும் பாதம்.

“ஆயா, இவளுக்கு இன்னும் மூணு சட்டை வேணும். கடையிலே இருக்கு” என்றாள் குழந்தை.

ஆயா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏன் ஆத்தா, இவ சோறே திங்கமாட்டாளோ?” என்று கேட்டார்.

குழந்தை கலகலவென்று சிரித்தாள். ஆனால் அவளுடைய தாய் சிரிக்கவில்லை. குழந்தை அப்பால் ஓடியதும் தாழ்ந்த குரலில், “நான் வாங்கவில்லை, ஆத்தா, யாரோ பரிசாகக் கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும்போது இவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? ஆனால் போன வாரம் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ‘நான் குண்டா, அம்மா?’ என்று கேட்டாள். அன்று முதல் இந்தப் பொம்மையைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்கிறது” என்றாள்.

பிடுங்கவும் மனமில்லை, விட்டுவிடவும் துணிவில்லை! இந்த இரண்டுங்கெட்டான் நிலை அந்தத் தாய் ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. சிறு பெண் குழந்தையுள்ள இல்லங்கள் பலவற்றில் இதே விசாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

‘பார்பி’ என்னும் இந்தப் பொம்மை பிறந்த கதையைக் கேட்டால் நேயர்களுக்கு விஷயம் ஒருவாறு விளங்கும். அமெரிக்காவில் ரூத் ஹாண்ட்லர் என்ற மாது தம் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளை வைத்து விளையாடுவதைக் கவனித்தார். அக்காலத்தில் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் கைக்குழந்தைப் பொம்மைகள். அவற்றை வைத்துக்கொண்டு தாயாகத்தான் விளையாட முடியும். பார்பராவோ தன் காகிதப் பெண்களை வளர்ந்த ஸ்திரீகளாகப் பாவித்து, பெரியவர்கள் பேசுவதைப் போலவே பேச வைத்தாள். அதைக் கண்ட தாய்க்கு வளர்ந்த பெண்ணின் உருவில் பொம்மை செய்யும் எண்ணம் உதித்தது. 1959-ஆம் வருஷம் மார்ச்சு 9-ஆம் தேதி நியூயார்க் விளையாட்டுச் சாமான் கண்காட்சியில் அந்தப் பொம்மை அரங்கேறிற்று. பெண்ணுக்குப் பெயர் கொடுத்தவளும் பார்பராவே.

ஆயா விளையாட்டாகக் கேட்ட கேள்விக்கு, 1965-ஆம் வருஷத்திலேயே விடை கிடைத்துவிட்டது! அவ்வாண்டு வெளிவந்த ஓர் அலங்காரத் தொகுதியில் பொம்மையுடன் எடை பார்க்கும் கருவி ஒன்றும் இருந்தது. அதன் முள் 110 பவுண்டிலேயே, அதாவது சுமார் 50 கிலோவிலேயே நின்றது. கூடவே உடல் மெலிவதற்கு வழி சொல்லும் ஒரு சிறு புத்தகம். அது கூறிய உபதேசம், ‘சாப்பிடாதே’ என்பதுதான். வேடிக்கை என்னவென்றால், அதே 1965-இல் அதே பொம்மை விண்வெளி வீராங்கனையின் உடையும் பூண்டது. மனிதன் சந்திரனில் கால் வைக்க அப்போது இன்னும் நான்கு வருஷங்கள் இருந்தன. ஒரு கையில் ஆகாயம், மற்றொரு கையில் பட்டினி! பெற்றோர் மனம் இரண்டு படுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

தாய்மார்களின் அச்சம் வெறும் மனப்பிராந்தி என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையுள்ள 162 சிறுமிகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. மெலிந்த பொம்மையின் படங்களைப் பார்த்த சிறு வயதுப் பெண்கள், பார்க்காதவர்களைவிடத் தங்கள் உடலைப் பற்றி அதிகக் குறைபட்டுக்கொண்டார்கள் என்பது அதில் தெரிந்தது. 2016-இல் அந்தப் பொம்மைக் கம்பெனியாரே பூசினாற்போன்ற உடல், நெட்டை, குட்டை என மூன்று புதிய உருவங்களை வெளியிட்டார்கள்.

நிறத்தின் விஷயம் இதைவிட வேதனை தருவது. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதிகள் நீக்ரோ இனத்துக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டதற்குப் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைச் சுட்டினார்கள். ‘உன்னைப் போல் இருப்பது எது?’ என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதுவிட்டார்கள். பள்ளிகளில் நிறபேதம் கூடாதென்று 1954-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆராய்ச்சியும் எடுத்துக்காட்டப்பட்டது. அந்தக் கறுப்புப் பொம்மை எந்தக் குழந்தைக்கும் தீங்கு செய்யவில்லை. அதைத் தாழ்வென்று சொல்லிக் கொடுத்தது சுற்றியிருந்த உலகந்தான்.

நம் தமிழ்க் குழந்தையின் முதல் பொம்மையோ கருஞ்சிவப்பு மேனியுடைய மரப்பாச்சி. செம்மரத்தில் செதுக்கிய அந்தப் பாவையைப் பல் முளைக்கும் குழந்தை கடித்தாலும் கவலையில்லை. அதற்கு முன் சங்க காலத்துப் பெண்கள் பஞ்சாய்க் கோரையிலும் மணலிலும் பாவை செய்து விளையாடினார்கள். ‘அப்படியானால் சீமைப் பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டு மரப்பாச்சியைக் கொடுத்தால் தீர்ந்தது’ என்று சிலர் சொல்லக்கூடும். அது அவ்வளவு சுலபமன்று.

முதலாவது, செட்டிநாட்டுக்குச் சீமைச் சாமான் புதிதா? பர்மாத் தேக்கும், இத்தாலியச் சலவைக் கல்லும், பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலேறி வந்த மாளிகைகள் அல்லவா இவை? 1927 செப்டம்பரில் இப்பகுதிக்கு வந்த காந்தியடிகள், வீடுகளில் நிறைந்து கிடந்த அந்நிய நாட்டு அலங்காரச் சாமான்களைச் சுட்டிக் கண்டித்துப் பேசினார். அந்த அலங்காரத்தில் வளர்ந்த நாம், ஒரு பொம்மையை மட்டும் அந்நியம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

இரண்டாவது, நம் மரப்பாச்சி என்ன பேசிற்று? அது ஆணும் பெண்ணுமாக ஜோடியாகவே வரும். நம் பாட்டிமார் சிறுமிகளாக இருந்தபோது அந்த ஜோடிக்குக் கல்யாணம் செய்துவைத்தே விளையாடினார்கள். சில நாளில் அந்தச் சிறுமிகளுக்கே கல்யாணம் நடந்துவிடும்! பெண்ணுக்கு 14 வயதாவது நிரம்ப வேண்டுமென்ற சாரதா சட்டம் 1930 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. விளையாட்டு முடியுமுன்னே விதவையான பெண்களுக்காக, 1936-இல் காரைக்குடியிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஒரு பத்திரிகையே நடத்த வேண்டியிருந்தது. சீர்திருத்தவாதி சொ. முருகப்பா இதே அமராவதிபுதூரில் மகளிர் இல்லம் அமைத்ததும் பெண்கள் வேறொரு வாழ்வைக் காண வேண்டும் என்பதற்காகவே. மரப்பாச்சியின் மேல் குற்றமில்லை. வீட்டில் கேட்ட கல்யாணப் பேச்சையே குழந்தைகள் அதன் வாயில் வைத்தார்கள்.

ஆம், பொம்மைக்கு நாக்கு இல்லை. மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும், வீட்டிலும் வெளியிலும் காதில் விழுந்த சொல்லையே குழந்தை அதற்குக் கடன் கொடுக்கிறது. கடையும் விளம்பரமும் தங்கள் சொல்லை ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கும். அதனால் நம் சொல் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. பொம்மையைப் பிடுங்கினால் ஒரு நாள் அழுகை. பேச்சை மாற்றினால் வாழ்நாள் முழுவதும் பயன்.

அமராவதிபுதூர் ஆயா இதைப் புத்தகம் படித்து அறியவில்லை. மகளின் புலம்பலைக் கேட்டு முடித்ததும், “அது கிடக்கட்டும். நீ கண்ணாடி முன்னாலே நின்னா என்ன சொல்லுவே?” என்று கேட்டார்.

மகள் பதில் சொல்லவில்லை. காலையில் சேலை கட்டும்போது, ‘ஐயோ, எவ்வளவு பெருத்துவிட்டேன்!’ என்று அவள் அலுத்துக்கொள்வதும், வெயிலில் விளையாடும் பெண்ணை, ‘கறுத்துப் போவாய்!’ என்று உள்ளே அழைப்பதும் அவளுக்கு அப்போது நினைவு வந்திருக்க வேண்டும்.

ஆயா எழுந்து போய், பெட்டியிலிருந்து கிழிந்த கண்டாங்கிச் சேலைத் துண்டு ஒன்றையும், மூக்குத் தேய்ந்த பழைய மரப்பாச்சி ஒன்றையும் கொண்டு வந்தார். மூக்கைத் தேய்த்தவை இந்த வீட்டுக் குழந்தைகளின் பற்கள்தாம். மாலை வரை பாட்டியும் பேத்தியும் துணி கிழித்து, முடிச்சுப் போட்டு, இரண்டு பொம்மைகளுக்கும் சேலை கட்டினார்கள். மூன்று சட்டையின் பேச்சே எழவில்லை. பிறகு குழந்தை இரண்டையும் எதிரெதிரே உட்கார வைத்து, சிரட்டையில் மண்சோறு பரிமாறினாள்.

“நல்லாச் சாப்பிடு. வெயில்லே விளையாடப் போகணும்” என்று சீமைப் பொம்மையிடம் மரப்பாச்சி சொல்லிற்று.

தாய் தூணில் சாய்ந்து நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.