மூளையும் தண்டுவடமும்

மனித உடலில் உறுப்புகள் பல உள்ளன. கண் காண்கிறது, காது கேட்கிறது, கை பற்றுகிறது, கால் நடக்கிறது. இவை தனித்தனியே தொழில் புரிவன போலத் தோன்றினும், ஓர் ஆணைக்கு அடங்கியே இயங்குகின்றன. அவ்வாணை பிறக்கும் இடம் மூளை. அஃது உடலெங்கும் செல்லும் பெருவழி தண்டுவடம். இவ்விரண்டும் சேர்ந்ததே மைய நரம்பு மண்டலம் எனப்படும்.

மூளை, மண்டையோட்டினுள் மூன்று உறைகளால் போர்த்தப்பட்டுள்ளது. வளர்ந்த மனிதனுடைய மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடலின் எடையில் இஃது ஐம்பதில் ஒரு பங்கேயாகும். ஆயினும், உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது. இதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

மூளையின் பகுதிகளுள் பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்னும் மூன்றும் தலையாயவை. எண்ணுதல், நினைவிற்கொள்ளுதல், பேசுதல் முதலியன பெருமூளையின் செயல்கள். இதன் இடப்பாதி உடலின் வலப்புறத்தையும், வலப்பாதி இடப்புறத்தையும் இயக்குவது வியப்பிற்குரியது. மிதிவண்டி ஓட்டுபவன் சாயாமற் செல்வதற்குத் துணைபுரிவது சிறுமூளை. மனிதன் அயர்ந்து உறங்கும்போதும் மூச்சும் இதயத் துடிப்பும் ஒழுங்காக நடைபெறுமாறு காப்பது முகுளம்.

முகுளத்தினின்று தொடங்கும் தண்டுவடம் முதுகெலும்பின் உள்ளே கீழ்நோக்கி இறங்குகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 45 செ.மீ.; பருமன் சிறுவிரல் அளவே. இதிலிருந்து 31 இணை நரம்புகள் இருபுறமும் கிளைக்கின்றன. அவற்றின் வழியே உடலின் செய்திகள் உள்ளே வருகின்றன; ஆணைகள் வெளியே செல்கின்றன. சில வேளைகளில் தண்டுவடமே ஆணையிடுவதும் உண்டு. முள்ளை மிதித்தவன் வலியை உணருமுன்னரே காலை இழுத்துக்கொள்கிறான் அன்றோ? செய்தி மூளையை எட்டுவதற்குள் தண்டுவடம் இடும் ஆணையே அது. இஃது அனிச்சைச் செயல் எனப்படும்.

தண்டுவடம் அறுபடின், அவ்விடத்திற்குக் கீழுள்ள உறுப்புகள் மூளையின் தொடர்பை இழந்துவிடும். மேலுள்ளவை பழுதின்றி இயங்கும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த மருத்துவர் மேரி வர்கீஸ் என்பார் 1954-ஆம் ஆண்டில் ஊர்தி விபத்து ஒன்றில் சிக்கினார். தண்டுவடம் சிதைந்தமையால் அவருடைய கால்கள் செயலற்றன. கைகளுக்குரிய நரம்புகள் சிதைவுற்ற இடத்திற்கு மேலே கிளைப்பன. ஆதலின், அவருடைய கைத்திறன் குன்றவில்லை. அறிவும் ஊக்கமும் குறையவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அவர் அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று பயின்று திரும்பி, உடல் முடங்கியோரின் மறுவாழ்விற்கு உழைத்தார். அதற்கென 1966-ஆம் ஆண்டில் வேலூரில் ஒரு நிலையம் திறக்கப்பெற்றது. இந்திய அரசு 1972-இல் அவருக்குப் 'பத்மஸ்ரீ' விருது வழங்கிச் சிறப்பித்தது.

முறிந்த எலும்பு மீண்டும் கூடும். கிழிந்த தோல் மீண்டும் வளரும். தண்டுவடத்தில் அறுந்த நரம்பிழைகளோ அவ்வாறு கூடுவதில்லை. ஆகவே, மரத்தினின்று விழுந்தவரையும் சாலையில் அடிபட்டவரையும் தோளிலும் காலிலும் பற்றித் தூக்குதல் தகாது. முதுகெலும்பு முறிந்திருப்பின், தூக்கும்போது அது தண்டுவடத்தை மேலும் சிதைத்துவிடும். பயிற்சி பெற்றோர் வரும்வரை அவரை அசையாமல் இருக்கச் செய்தலே நலம். உடனே எடுத்துச் செல்ல நேரின், கழுத்தும் முதுகும் வளையாதவாறு பலர் சேர்ந்து தூக்கிப் பலகையின்மேல் கிடத்துதல் வேண்டும். பதற்றத்தில் செய்யும் உதவி ஒருவரின் கால்களைப் பறித்துவிடக்கூடும். அறிந்து செய்யும் உதவியோ அவற்றைக் காக்கும்.