கடற்கரைக் கிணற்றுக்கு மோட்டார் வைக்கப் போறீங்களா?

எங்கள் இராமேஸ்வரம் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்னால், “வீட்டுக் கிணத்துத் தண்ணி எப்படி? நல்ல தண்ணியா, உப்பா?” என்றுதான் விசாரிப்பார்கள். சுற்றிலும் கடல். குழாயில் கூட்டுக் குடிநீர் வந்தாலும் அதை மட்டுமே நம்பி உலை வைக்க முடியாது. கொல்லையில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு அடி உறைக் கிணறுதான் ஆபத்துக்குக் கைகொடுக்கும்.

அப்படிப்பட்ட கிணற்றை நானே கெடுத்தேன் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

கயிறு இழுத்து இழுத்துக் கை காய்த்துப் போச்சு. “ஒரு மோட்டார் வாங்கிப் போடுங்களேன்” என்று இவரை நச்சரித்தேன். “பெரிசாவே வாங்கிடுங்க, பின்னால உதவும்” என்றார் கடைக்காரர். ஒரு குதிரை சக்தி மோட்டார் வந்தது. ஃபுட் வால்வை அடிமண்ணுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டோம். மாடித் தொட்டி பத்தே நிமிஷத்தில் நிறைந்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. தென்னைக்கும் அதே தண்ணீர், முற்றம் கழுவவும் அதே தண்ணீர்.

மாமியார் மட்டும் கிணற்றடியில் நின்று எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நாம வாளியில மோந்தா ஊத்து பின்னாலயே வந்து நிரப்பும். இது ஆனை மாதிரில்ல உறிஞ்சுது!” என்றார். “சும்மா இருங்க அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் பருப்பு வேகவில்லை. இன்னொரு நாள் கொதிக்கிற டீயில் பால் திரிந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தால் தண்ணீர் கரித்தது. நல்ல தண்ணீர்க் கிணறு உப்புக் கிணறாகிவிட்டது!

ஏன் இப்படி?

கடலோரத்தில் மண்ணுக்கடியில் மழைத் தண்ணீர் தனியாகவும், கடல் தண்ணீர் தனியாகவும் இருக்கின்றன. உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் கிடக்கும். நல்ல தண்ணீர் லேசானது. பாலின் மேல் ஆடை மாதிரி மேலே மிதக்கும். 1888-ல் டச்சுக்காரர் கைபனும், 1901-ல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்குமாம். அதையே திருப்பிப் பாருங்கள். நாம் தினமும் இறைத்து மேல் மட்டத்தை 1 அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியிலுள்ள உப்பு 40 அடி வரை ஏறிவரப் பார்க்கும். வேகமாக உறிஞ்சினால் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி எழும்பும்.

இது தெரியாமலே நம் பெரியவர்கள் பக்குவமாக நடந்துகொண்டார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில், அதற்குப் பிறகும் தங்கிய மீனவக் குடும்பத்துப் பெண்கள் மணலில் சில அடிதான் தோண்டுவார்கள். ஊறி வருகிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மோந்து குடத்தில் ஊற்றுவார்கள். ஆழத் தோண்டினால் உப்பு என்று அவர்களுக்குத் தெரியும். இராமநாதசுவாமி கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்துத்தான் தலையில் ஊற்றுகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் துலாவால் இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் வந்த பிறகு, பல இடங்களில் உவர் ஏறியது.

அதற்காக மோட்டாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் இடுப்பும் முக்கியமாச்சே! இப்படிச் செய்யுங்கள்:

* சிறிய மோட்டார் போதும். சின்னக் குடும்பத்துக்கு அரைக் குதிரை சக்தியே தாராளம். மேலே வைக்கும் மோட்டார் நடைமுறையில் 25 அடி ஆழம் வரைதான் உறிஞ்சும். நம் கிணறு அதற்குள்தானே!

* 3 அடி விட்டமுள்ள உறையில் 1 அடி உயரத் தண்ணீர் என்பது 200 லிட்டர். நிமிஷத்துக்கு 40 லிட்டர் இறைத்தால் ஐந்தே நிமிஷத்தில் அது காலி. எனவே உறையின் உள்பக்கம் அடிக்கு ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். தண்ணீர் ஒரு கோடு இறங்கியதும் நிறுத்துங்கள். பழைய கோட்டுக்கு ஊறி வந்த பிறகு மறுபடி போடுங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று இறைப்பது நல்லது.

* ஃபுட் வால்வ் அடிமண்ணைத் தொட வேண்டாம். கோடையில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு இரண்டடி கீழே இருந்தால் போதும். ஆனால் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் சீல் கருகிவிடும். சுவிட்சைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்க உட்காராதீர்கள்!

* புதிதாகப் போடும்போதும், ரொம்ப நாள் ஓடாமல் இருந்தாலும், உறிஞ்சும் குழாயில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகே ஓட்ட வேண்டும். அடிக்கடி இப்படி ஊற்ற வேண்டியிருந்தால் ஃபுட் வால்வ் கசிகிறது அல்லது இணைப்பில் காற்று நுழைகிறது என்று அர்த்தம்.

* உப்புக் காற்றில் இரும்பு நிற்காது. பி.வி.சி. குழாயும் பித்தளை ஃபுட் வால்வும் போடுங்கள். மோட்டாருக்குக் காற்றோட்டமுள்ள சின்னக் கூரை கட்டுங்கள்.

* எர்த் இணைப்பும், கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். ராட்டினம் போனதும் கிணற்றைத் திறந்து போட்டுவிடாமல் கம்பி வலை மூடி போடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

* கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். மணல் பூமியில் மோட்டார் அந்த அழுக்கையும் இழுத்து வரும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றுங்கள். ஆனால் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், உப்பு போகாது. வருஷத்துக்கு ஒரு முறை குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருந்தால் நல்லது; வேறு வழியே இல்லாத இடத்தில் 1000 வரை அனுமதிக்கிறார்கள்.

எடுப்பதை மட்டும் சொன்னால் போதுமா? கொடுக்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். 600 சதுர அடி மொட்டை மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 550 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் வருவதைக் கிணற்றுப் பக்கத்தில் ஜல்லியும் மணலும் போட்ட குழியில் விடுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பெரிய மோட்டாரைக் கழற்றினோம். ஆடி, ஆவணி முழுக்கக் குடத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கினோம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் குழியில் இறக்கினோம். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்குப் பிறகுதான் கரிப்பு குறைந்தது. இப்போது அரைக் குதிரை சக்தி மோட்டார், கோட்டுக்குக் கோடு இறைப்பு.

போன தை மாதம் அத்தைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “ம்... இப்பத்தான் நம்ம கிணத்துத் தண்ணி” என்றார். அன்றைக்குப் பருப்பும் பூவாக வெந்தது.