காயம் சொல்வதும் வீட்டார் சொல்வதும்

பொருந்தாத காயம்

குழந்தை துன்புறுத்தப்பட்டிருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தால், வீட்டார் சொல்லும் காரணத்தோடு காயம் பொருந்துகிறதா என்று பார்ப்பதே பரிசோதனையின் அடிப்படை. ஆரணியில் பல நெசவாளர் வீடுகளில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தறிக்குழியில் தவறி விழும் குழந்தைக்குப் பெரும்பாலும் நெற்றி, முழங்கால், முழங்கை போன்ற எலும்பு துருத்திய இடங்களில் அடிபடும். காது, கழுத்து, வயிறு ஆகியவை கன்றியிருந்தால் ‘குழியில் விழுந்தான்’ என்ற விளக்கம் போதாது. இன்னும் குப்புற விழாத கைக்குழந்தையின் உடலில் சின்னக் கன்றல் இருந்தாலும் விசாரிக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடல் முழுவதும் எக்ஸ்ரே எடுப்பார்கள். விலா எலும்பின் புதிய விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போகலாம் என்பதால், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுப்பதுண்டு.

ஏமாற்றும் தடங்கள்

நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே முதுகிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத்திட்டு, அடிபட்ட தடமல்ல. இரத்தம் உறையாத நோயும், எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸும் வன்முறைபோலத் தோற்றம் தரலாம். அவற்றுக்கான சோதனைகளும் தேவை. மஞ்சள் காமாலைக்கென்று போடும் சூடு, வைத்தியமாக நினைத்துச் செய்யப்பட்டாலும் தீக்காயம்தான். கன்றலின் நிறத்தைப் பார்த்து ‘இத்தனை நாள் ஆயிற்று’ என்று கணிப்பது நம்பத்தக்கதல்ல.

பாலியல் வன்முறையில்

2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் பரிசோதனை செய்யலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும். பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இருவிரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இலும் 2022-இலும் சொல்லிவிட்டது. அதில் மருத்துவம் எதுவும் இல்லை, அவமானம்தான் உண்டு.

பெரும்பாலான குழந்தைகளின் உடலில் எந்தக் காயமும் தெரியாது. அதனால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்துக்கொள்வது அதனால்தான் முக்கியம். தேவைப்பட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும்.

தெரிவிக்கும் கடமை

பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமலிருப்பது மருத்துவருக்கும் குற்றமே. ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் சிகிச்சை இலவசம். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பரிசோதனைக்கு முன் குழந்தையைக் குளிப்பாட்டாமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் எடுத்துச் செல்வது நல்லது. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்தாகிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருந்துவிடக் கூடாது.