ஒரே கூரை, தனித்தனிக் கதவுகள்: சர்வரைப் பகிரும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் மக்கள் கணிசமாக வாழ்கின்றனர். சான்றிதழ் வேண்டுவோர் இன்று பெரும்பாலும் நாடுவது அக்ஷயா மையங்களையே. 2002-இல் மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இத்திட்டம் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. மையத்தில் பதிவாகும் விண்ணப்பம் தொலைவிலுள்ள சர்வரைச் சென்றடைகிறது. வருமானம், சாதி, நிலம் ஆகிய விவரங்கள் பிறர் கைக்குச் சென்றால் ஏழைக் குடும்பத்திற்கு நேரும் இழப்பு சிறிதன்று. எனவே, ஒரே சர்வரில் பல பணிகள் இயங்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் காப்பது எவ்வாறு என்னும் வினா எழுகிறது.

ஒவ்வொரு பணிக்கும் தனிப் பொறி வாங்கலாம். ஆனால் அதன் திறனில் பெரும்பகுதி வீணே கிடக்கும். ஒரே பொறியில் பல மெய்நிகர்ப் பொறிகளை அமைப்பது இரண்டாவது வழி. ஒவ்வொன்றும் தனக்கென முழு இயங்குதளத்தைக் கொண்டிருப்பதால் பாதுகாப்பு மிகுதி. நினைவகச் செலவும் மிகுதி. மூன்றாவது வழி, இயங்குதளத்தின் உட்கருவைப் பொதுவாக வைத்துக்கொண்டு அதன்மேல் தடுப்புகள் எழுப்புவது. இத்தடுப்பறைகளே கொள்கலன்கள் எனப்படுகின்றன.

மூணாறு தேயிலைத் தோட்டங்களின் லயங்களை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். கூரை ஒன்று, குடும்பத்திற்கு ஒரு கதவு. ஒரு கொள்கலனுள் இயங்கும் நிரல் தன் கோப்புகளையும் தன் வலைத்தொடர்பையும் மட்டுமே காணும். அண்டை அறை இருப்பதே அதற்குத் தெரியாது. அளவுக் கட்டுப்பாடும் உண்டு. நினைவக வரம்பை மீறும் நிரல் நிறுத்தப்படும். செயலி நேரத்தை மிகுதியாகக் கோருவது காத்திருக்க நேரும். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் நெரிசல், மருத்துவமனைப் பதிவை முடக்காதிருக்க இதுவே வழி.

இக்கருத்து புதிதன்று. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் இதன் வித்து காணப்பட்டது. 2000-இல் ஃப்ரீபிஎஸ்டி 'சிறை' என்ற பெயரில் இதனை விரிவாக்கியது. 2008-இல் லினக்ஸ் உட்கருவில் அளவுக் கட்டுப்பாடு சேர்ந்தது. 2013-இல் வெளிவந்த டாக்கர் இதனைப் பரவலாக்கியது.

எனினும், கூரை ஒன்றே என்பதை அதிகாரிகள் மறத்தலாகாது. கொள்கலன்களை இயக்கும் 'ரன்சி' என்னும் மென்பொருளில் 2019-இல் வெளிப்பட்ட குறை, ஓர் அறையிலுள்ள தீய நிரல் பொறி முழுவதையும் கைப்பற்ற இடமளித்தது. உட்கருவில் குறை இருப்பினும் விளைவு அவ்வாறே. ஆதலின் ஒரே துறையின் பணிகளைக் கொள்கலன்களால் பிரிப்பது போதும். வெவ்வேறு துறைகளுக்குத் தனித்தனி மெய்நிகர்ப் பொறிகளே தக்கவை. அவற்றினுள் கொள்கலன்களை அமைத்துக்கொள்ளலாம். சற்றே கூடுதலாகும் செலவைச் சிக்கனத்தின் பெயரால் வெட்டுவது, என் கருத்தில், தவறான கணக்கு. கொள்கலனுள் இயங்கும் நிரலுக்கு முழு நிர்வாக அதிகாரம் அளிக்காதிருப்பதும், உட்கருவின் திருத்தங்களை உடனுக்குடன் சேர்ப்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும்.