கதவருகே காத்திருக்கும் ஆசிரியர்



மும்பை, புனே, டெல்லி, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் நாயோ பூனையோ இடம்பெறுவது இன்று சாதாரணமாகிவிட்டது. சொந்த ஊரில் மாடும் ஆடும் கோழியும் முற்றத்தில் வளர்ந்தன. இங்கே முற்றம் இல்லை. ஓர் அறையும் சமையற்கட்டுமே பலருக்கு வீடு. ஆயினும் பிள்ளைகள் ஆசையோடு கேட்கின்றனர், பெற்றோரும் இணங்குகின்றனர். அப்படி வீட்டிற்குள் வந்த வாயில்லா ஜீவன் நமக்குப் பல பாடங்களைக் கற்பிக்கிறது. அவற்றுள் இனிமையானவை உண்டு. கடினமான ஒன்றும் உண்டு. இனிமையானவற்றை மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்ளும் நாம், கடினமானதை மட்டும் பெரும்பாலும் கற்காமல் விட்டுவிடுகிறோம்.

காத்திருக்கும் அன்பு

ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் உவேனோ என்னும் வேளாண்மைப் பேராசிரியர், 1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அகிட்டா இனத்து நாய்க்குட்டி ஒன்றை வளர்க்கத் தொடங்கினார். ஹச்சிகோ என்னும் அந்த நாய், அவரை வரவேற்க ஷிபுயா ரயில் நிலையத்திற்குச் செல்வது வழக்கம். 1925 மே 21 அன்று பணியிடத்திலேயே பேராசிரியர் திடீரென மரித்தார். நாயோ தொடர்ந்து நிலையத்திற்கு வந்து காத்திருந்தது. 1935 மார்ச் 8ஆம் நாள் அது மரிக்கும் வரை அந்தக் காத்திருப்பு நீடித்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஒன்றரை ஆண்டிற்கும் குறைவு, அது காத்திருந்ததோ ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! 1934இல் அதற்கு எழுப்பப்பட்ட சிலை போர்க்காலத்தில் உருக்கப்பட்டது. 1948இல் மீண்டும் நிறுவப்பட்ட சிலை இன்றும் அங்கே நிற்கிறது.

நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். நெரிசல் மிகுந்த ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்து, இரவு பத்து மணிக்குத் தகப்பன் வீடு திரும்புகிறார். கைப்பேசியிலிருந்து தலை நிமிர்த்த எவருக்கும் நேரமில்லை. நாய் மட்டுமே எழுந்து ஓடிவருகிறது. அது அவருடைய சம்பளத்தை விசாரிப்பதில்லை. நேற்று அதட்டியதை நினைவில் வைத்துக்கொள்வதுமில்லை. தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்க்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு, நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவரிடத்திலும் மிகுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டு வெளியிட்டனர். முகத்தை முகம் நோக்கி வரவேற்பது இத்தனை வல்லமையுள்ளது என்றால், நாம் ஏன் அதை ஒருவருக்கொருவர் செய்யாதிருக்கிறோம்?

மனச்சாட்சியைத் தட்டிய ஆட்டுக்குட்டி

வேதாகமத்தில் செல்லப் பிராணி என்று சொல்லத்தக்க ஒன்றை நாத்தான் தீர்க்கதரிசி தாவீதுக்குச் சொன்ன உவமையில் காண்கிறோம் (2 சாமுவேல் 12). ஏழை ஒருவன் தன் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தான். தன் உணவைப் பகிர்ந்து கொடுத்தான். ஐசுவரியவான் ஒருவன் அதைப் பறித்து விருந்து சமைத்தான். உரியாவின் மரணத்தில் கலங்காத அரசனுடைய உள்ளம், ஓர் ஆட்டுக்குட்டிக்காகக் கொதித்தெழுந்தது. பல மாதங்கள் உறங்கிக் கிடந்த மனச்சாட்சியைத் தட்டி எழுப்ப, முன்னாள் மேய்ப்பனுக்கு ஓர் ஆட்டுக்குட்டியின் கதையே போதுமானதாயிற்று. எளிய ஜீவனிடத்தில் இரக்கம் காட்டப் பழகிய இருதயம் முற்றிலும் கல்லாகிவிடுவதில்லை என்பதை இதிலே அறிகிறோம்.

அன்றாடக் கடமை

இரக்கம் என்பது கொஞ்சுவதோடு முடிவதன்று. தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கழுவி நிரப்புவதும், மழை பெய்தாலும் நாயை வெளியே அழைத்துச் செல்வதும், அது அசுத்தப்படுத்திய இடத்தை அயலார் முகம் சுளிக்கும் முன்னே துப்புரவாக்குவதும் இரக்கத்தின் கிரியைகளே. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவது பிராணிக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் நாம் செய்யும் நன்மை. கடியோ கீறலோ ஏற்பட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவ்வேலைகளில் ஒன்றையேனும் உங்கள் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்பதை அப்பிள்ளை அனுபவத்தால் அறியட்டும்.

கடினமான பாடம்

இனி அந்தக் கடினமான பாடத்திற்கு வருவோம். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. வீடு மாறும் நாளில் கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறுகின்றன. நாய் மட்டும் தெருமுனையில் நிற்கிறது. வண்டியின் பின்னே ஓடிவரும் அதைப் பிள்ளைகள் கண்ணீரோடு பார்க்கின்றனர். நிறைய நாய்கள் 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. கடைசிக் காலத்தில் கண் மங்கும், கால் தளரும், இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிக்கும். அப்போதும் சிலர் அதைத் தொலைவில் கொண்டுபோய் விட்டு வருகின்றனர். வளர்த்த பிராணியைத் தகுந்த காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்று உண்டு. பயன்படும் வரை வைத்துக்கொண்டு, பாரமாகும்போது விட்டுவிடலாம் என்பதை அன்று நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கின்றனர். ஊரில் தனியே இருக்கும் தாத்தாவையும் பாட்டியையும், நாளை நம்மையும், அவர்கள் அதே அளவுகோலால் அளப்பார்கள். முதிர்ந்த நாய்க்குப் பொறுமையோடு கஞ்சி ஊட்டும் தாயைக் கண்டு வளரும் பிள்ளையோ, முதுமையைக் கண்டு விலகி ஓடாது.

ஆகவே பிராணியை வாங்கும் முன்னே சிந்தியுங்கள். அடுத்த வீட்டிற்கும் இதை அழைத்துச் செல்வோமா? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது யார் பராமரிப்பார்? மருத்துவச் செலவைத் தாங்க இயலுமா? இயலாதெனில் வாங்காதிருப்பதே அன்பு. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இடம் மாற நேர்ந்தால், பிராணியையும் சேர்த்துக்கொள்ளும் வீட்டைத் தேடுங்கள். இயலாத நிலையில் அதை நேசிக்கும் ஒரு குடும்பத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதன் பின்பு வண்டியில் ஏறுங்கள். நீதிமான் தன் வீட்டு மிருகத்தின் உயிரையும் பேணுகிறவன் என்று நீதிமொழிகள் போதிக்கிறது. நம் நீதியை நம் பிள்ளைகள் அங்கேயும் தேடிப் பார்க்கிறார்கள்.