இரக்கமும் தேர்வும்

வேலைக்கு ஆள் எடுக்கையில் சாதி, ஊர், உறவு பார்ப்பது பட்சபாதம் என்பதை அங்கத்தினர் அனைவரும் அறிவர். இரக்கமும் பட்சபாதமாகக் கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

வீடும் தொழிலும் இழந்து வந்த ஒருவரும், உள்ளூர் நெசவாளர் ஒருவரும் சங்கத்தின் நெசவுக் கூடத்தில் ஒரே தறிக்கு மனுச் செய்வதாகக் கொள்வோம். முன்னவரின் துணியில் கரை சீராக இல்லாவிடில், “அலைந்து வந்த கை, நாளடைவில் பழகிவிடும்” என்கிறோம். பின்னவரின் துணியில் அதே குறையைக் கண்டால், “கவனமற்ற கை” என்கிறோம். இதில் வஞ்சகம் இல்லை. நாம் அறியாமலே மனம் ஒருபுறம் சாய்ந்துவிடுகிறது.

இதனால் உள்ளூராருக்கு மட்டுமே நஷ்டம் என்று கருதலாகாது. “துன்பப்பட்டவர், எவ்வேலையும் செய்வார், குறை கூறமாட்டார்” என்னும் எண்ணமும் இச்சாய்விலிருந்தே பிறக்கிறது. அதனால் கைதேர்ந்தவரும் கடின வேலையிலும் குறைந்த கூலியிலும் நிறுத்தப்படுவார். திறமையால் இடம் பெற்றிருந்தாலும், இரக்கத்தால் வந்தவர் என்ற பெயர் அவரை விடாது.

அவ்வாறாயின் இடம்பெயர்ந்தோருக்கு முன்னுரிமையே கூடாதா? கூடும், ஆனால் அது வெளிப்படையாக இருத்தல் வேண்டும். 1964 அக்டோபரில் இலங்கையுடன் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் டான்டீ கழகமாயிற்று. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக 1969-இல் ரெப்கோ வங்கி கூட்டுறவு முறையில் அமைந்தது. இவற்றின் நோக்கம் யாவரும் அறிய அறிவிக்கப்பட்டது. மறைவான இரக்கத்துக்கோ கணக்கும் இல்லை, கேள்வியும் இல்லை.

ஆதலின் சங்க நிர்வாகிகள் மூன்று முறைகளைக் கைக்கொள்ளலாம். முதலாவதாக, இடம்பெயர்ந்தோருக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்பதை முன்னதாகவே தீர்மானித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதுதல் வேண்டும். இரண்டாவதாக, மனுதாரர் அனைவருக்கும் ஒரே நூலும் ஒரே கால அளவும் தந்து நெய்யச் செய்து, துணிகளில் பெயரின்றி எண் மட்டும் இட்டு மதிப்பிடுதல் வேண்டும். அவரவர் வரலாற்றை மதிப்பெண் இட்ட பின்னரே கேட்கலாம். மூன்றாவதாக, ஒதுக்கிய இடத்துக்கு வந்தவரிடம் திறமை குறைவாயின், மதிப்பெண்ணைக் கூட்டாமல் பயிற்சியும் பயிற்சிக்கால உதவித்தொகையும் அளித்தல் வேண்டும்.

அப்பொழுது வந்தவரும் உள்ளூராரும் அடுத்தடுத்த தறிகளில் அமர்ந்து, ஒரே அளவுக்கு ஒரே கூலி பெறுவர். வந்தவர் எவருக்கும் கடன்பட்டவராக இரார்; உள்ளூராருக்கும் மனக்குறை இராது.